கரண்டி வரும் முன்பே

ஜனவரி 8

மேன்மை தங்கிய அண்ணியாருக்கு,

வாலு எழுதுவது. நான் நலம். நீ, அண்ணன், அப்பா மூவரும் நலமா? அப்பாவின் வலது கை இப்போது எவ்வளவு தூரம் தூக்க வருகிறது? பள்ளியில் என் பென்சிலையெல்லாம் கடித்துத் துப்பியவளை 'மேன்மை தங்கிய' என்று எழுத வைத்துவிட்டானே என் அண்ணன், அவனைச் சொல்ல வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் 'ஹலோ'வே சொல்கிறான். இது வீடு முழுக்கக் கேட்கிற விஷயம் இல்லை, லொடலொட. உனக்கு மட்டும்.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பல் மருத்துவமனை கட்டினார்களே, அவர்கள் சொந்தமாகப் பல் செட் செய்யும் லேப் தொடங்கப் போகிறார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாளராகக் கூப்பிடுகிறார்கள்! மானேஜர் போனில், "எவ்ளோ சம்பளம் எதிர்பார்க்கறீங்க?" என்றார். "நேர்ல சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். பிப்ரவரி முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே நம் பழைய லேப்பில் முதலாளிக்கு மனசு வந்தால் சம்பளம் கூடும். நானாகக் கேட்டது கிடையாது. எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடு. நீதான் கடைக்காரன், ஆட்டோக்காரன், அதிகாரி யாரையும் விடமாட்டாயே. அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது 'ரெண்டு மாசம் லீவு' என்று சொல்லிவிட்டு நீ எழுந்துபோன உன் மேசையில் இப்போது பிளாஸ்டர் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வருடம் மூன்றாகிறது. பக்கத்தில் நீ இருந்திருந்தால் கடிதம் எதற்கு?

உன் வாலு


ஜனவரி 19

அருமை நாத்தனாருக்கு,

லொடலொட எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமாவின் கை தோள்வரை வருகிறது. சீப்பைக் கொடுத்தால் பாதித் தலை வாரிக்கொள்கிறார், மீதிப் பாதி என் பொறுப்பு. உனக்கு இடுப்பு வலி தேவலையா? உயரமான ஸ்டூலில் உட்காராதே என்று எத்தனை முறை சொல்வது?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் தனியாக நின்று கத்தினேன். மாமா பயந்துபோய்விட்டார்.

இப்போது கேள். உங்கள் வீட்டில் ஒரு வியாதி இருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன், மரியாதைக்காக இத்தனை நாள் சொல்லவில்லை. நான் கரண்டியோடு பரிமாற வருகிறேன், கரண்டி தட்டுக்கு வரும் முன்பே உன் அப்பா கை குறுக்கே வருகிறது, "போதும்மா." அடுத்து உன் அண்ணன், "போதும் போதும்." அடுத்து நீ. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் உன் அண்ணன் பிஸ்கட் டப்பாவைச் சத்தம் வராமல் திறந்துகொண்டிருக்கிறார். மாமாவுக்குப் பேச்சு போய்த் திரும்பியபோது முதலில் வந்த வார்த்தை எது? 'போதும்'தானே? டாக்டர் கைதட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

இந்த வியாதியோடு சம்பளம் பேசப் போகாதே. இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு கேள். கேட்டுவிட்டு வாயை மூடு. முக்கியமே அதுதான். பல் அளவு எடுக்க வாய் நிறைய மாவை அழுத்தி வைப்பார்களே, அது இறுகும்வரை யாராவது பேச முடியுமா? உன் வாயில் அந்த மாவு இருப்பதாக நினைத்துக்கொள். அந்த மௌனத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள்தான் இறங்கி வருவார்கள். அது நீயாக இருக்காதே.

வாயை மூடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்காதே. சொல்வதைச் செய்.

அங்கே லேப்புக்கு எந்தத் திசை ஜன்னல்? வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறதா, பார்த்து எழுது.

அன்புடன்,
லொடலொட


பிப்ரவரி 6

அன்புள்ள லொடலொடவுக்கு,

அங்கே எல்லாரும் நலமா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது.

போனேன். நல்ல அறை, மேசைமேல் கண்ணாடி. எதிரே மானேஜர். பக்கத்தில் வெள்ளை முடியோடு பெரிய டாக்டரம்மா. மானேஜர் கேட்டார். நான் ஒன்றரை மடங்கைச் சொன்னேன். சொன்னேன், சத்தியமாக! குரல்கூட நடுங்கவில்லை. பிறகு வாயில் மாவு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார். திறந்தார். அவ்வளவுதான் செய்தார் மனுஷன். என்னால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் கொறச்சாலும் பரவால்ல சார்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று பார்த்தால் நான். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. உடனே நானே ஒரு தொகை சொல்லி, அதுவும் அதிகமோ என்று இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவர் வாயே திறக்கவில்லை, லொடலொட. பேரம் முழுவதையும் நானே எனக்கு எதிராக நடத்தி முடித்துவிட்டேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மறுபடி ஒரு தடவ வாங்க, வேலையைப் பத்தியும் பேசலாம்" என்றார். பேருந்தில் வரும்போது ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை.

திட்டி எழுது. ஆனால் கொஞ்சமாகத் திட்டு.

உன் மானங்கெட்ட வாலு

ஜன்னல் கிழக்குப் பக்கம். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்துதான்.


பிப்ரவரி 14

என் தங்கமே,

எல்லாரும் சுகம். திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். 'யார் என்று பார்த்தால் நான்' என்ற இடத்தில் மூச்சு முட்டச் சிரித்துவிட்டேன், அப்புறம் எங்கே திட்டுவது?

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மறுபடி வரச் சொன்னார்களே, அதுவே நல்லது. இந்த முறை தொகையைப் பிறகு பேசு. முதலில் வேலையைப் பேசு. நம் லேப்பில் அந்தக் கோணப்பல் அம்மாவுக்குச் செய்தோமே, அதைச் சொல். ஒவ்வொரு முறையும் "எல்லாம் சரியாதான் இருக்கு, ஆனா கண்ணாடியில வேற யாரோ இருக்காங்க" என்று செட்டைத் திருப்பிக் கொடுத்தார்களே. பழைய போட்டோவை வாங்கிப் பார்த்து, முன்பல் ஒன்றை லேசாக ஒருக்களித்து வைத்ததும் என்ன சொன்னார்கள்? "இதோ வந்துட்டேன்." அந்தக் கதையைக் கேட்டால் எந்த டாக்டருக்கும் ஆள் யாரென்று புரியும்.

அங்கே பல் அடுக்க என்ன மெழுகு வாங்கப் போகிறார்கள்? சிவப்பு மெழுகு வாங்கச் சொல்லாதே, வெயில் காலத்தில் அது இளகிப் பல் நகர்ந்துவிடும். மெழுகுக் கத்திக்கு மரப்பிடியா, இரும்புப் பிடியா?

ஒரு சின்ன விஷயம். கழித்துப் போட்ட பல் அச்சு ஏதாவது இருந்தால் அனுப்பேன். கூடவே கொஞ்சம் உதிரிப் பற்கள், ஒரு துண்டு மெழுகு. மாமாவின் விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கும் என்று பார்த்தேன். அவசரமில்லை.

இடுப்பைப் பார்த்துக்கொள்.

உன் லொடலொட


மார்ச் 3

அன்பு அண்ணியாருக்கு,

நலம், நலமறிய ஆவல். பார்சல் தனியாக வருகிறது: அச்சு ஒன்று, மேல் வரிசைப் பற்கள், மெழுகு, அதோடு உன் பழைய கத்தி. நான் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவின் விரல்களுக்குக் கத்தி எதற்கு என்று கேட்காதே, சும்மா வைத்தேன்.

இரண்டாவது முறை போனேன். கோணப்பல் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அந்தப் பல்லத் திருப்பி வெச்சது நீங்கதானா?" என்று கேட்டார். நீ எழுதியதைப் படித்தபோதே நினைத்தேன், லொடலொட. 'நம் லேப்பில் செய்தோமே' என்று எழுதினாய். நாம் எங்கே செய்தோம்? நான் அன்றைக்கு பிளாஸ்டர் கலக்கிக்கொண்டிருந்தேன். நீ செய்தாய்.

"எங்க அண்ணி செஞ்சது மேடம்" என்றேன். "அவங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்க?" என்றார். "வீட்டுல இருக்காங்க" என்றேன்.

சம்பளத்தைப் பற்றி மறுபடி வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஏப்ரல் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். அதற்குமேல் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

சரி, என் கதை இருக்கட்டும். நீ எப்போது மறுபடி மெழுகைத் தொடப் போகிறாய்? உனக்கு என்ன யோசனை?

வாலு


மார்ச் 15

அன்புள்ள வாலுக்கு,

அனைவரும் நலம். பார்சல் வந்தது. மாமாவுக்கு ஒரே குஷி, நாள் முழுக்க அதோடுதான் இருக்கிறார். உன் அண்ணனுக்குக் குடிநீர் நிலையத்தில் ஷிப்ட் மாறியிருக்கிறது. மாடி ஜன்னலுக்குக் கொக்கி போட்டோம். எதிர்வீட்டுக்காரர்கள் புதிய பெயிண்ட் அடிக்கிறார்கள், கண் கூசுகிற பச்சை.

என் யோசனையா? எனக்கென்ன குறை? மாமா நல்ல மனுஷர், உன் அண்ணன் நல்ல மனுஷர், வீடு இருக்கிறது. எனக்கு இது போதும். நீ உன் சம்பளத்தைப் பார். ஏப்ரல் வருவது தெரியாமல் வந்துவிடும். ஒன்றரை மடங்கு, மறந்துவிடாதே.

லொடலொட


மார்ச் 22

வாலு,

அண்ணன் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது, தெரியும். சௌக்கியமா?

நீ அனுப்பிய பல் அச்சை அப்பா ஒரு நாள்கூடத் தொடவில்லை. மதியம் அவர் தூங்கிய பிறகு இவள்தான் அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு அடுக்குகிறாள். எல்லாப் பல்லையும் வைத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மெழுகை உருக்கி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்குகிறாள். தினமும் அதே பல். ஷிப்ட் மாறி நான் மதியம் வீட்டுக்கு வந்ததால்தான் பார்த்தேன். "என்ன பண்ற?" என்றால், "மாமாவுக்குப் பயிற்சி" என்கிறாள். அப்பாவோ உள்ளே குறட்டை விடுகிறார்.

வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "போதும்ங்க, எனக்கென்ன" என்கிறாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவள் இதை மட்டும் பேச மாட்டேன் என்கிறாள். நான் மரமண்டை. நீ கேள்.

அண்ணன்


மார்ச் 29

லொடலொட,

நலமா என்று கேட்கமாட்டேன். நலம் என்றுதான் எழுதுவாய்.

நம் வீட்டு வியாதி உனக்கும் தொற்றிவிட்டது. போன கடிதத்தில் எதிர்வீட்டுப் பெயிண்ட் வரை எழுதினாய், நான் கேட்டதற்கு மட்டும் பூசி மெழுகிவிட்டாய். அதனால் ஒரே ஒரு கேள்வி.

உனக்கு என்ன வேண்டும்?

கேட்டுவிட்டேன். இனி என் வாயில் மாவு. நீ பதில் சொல்லும்வரை கடிதமும் கிடையாது, போனும் கிடையாது. மருத்துவமனைக்கும் அதுவரை பதில் சொல்லப் போவதில்லை.

வாலு


ஏப்ரல் 7

வாலு,

இதென்ன விளையாட்டு? என்னிடமே என் வித்தையா? உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் அண்ணன் செய்தால் மட்டும் எடுத்து, "அண்ணியைக் கடிதம் எழுதச் சொல்லு" என்று வைத்துவிடுகிறாயாமே.

உன் வேலைக்கும் என் கேள்விக்கும் என்னடி சம்பந்தம்? இருபது தலைமுறைக்கு ஒரு தடவை இப்படி ஒரு வேலை வீடு தேடி வருகிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

எனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. வேண்டுமானால் காலை நேரம் கொஞ்சம் கிடைத்தால் மெழுகு வேலை ஏதாவது பார்க்கலாம். தினமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள். அதுகூட வேண்டாம், மாமா தூங்கும் நேரம் போதும், அதுதான் இப்போதே கிடைக்கிறதே. ஆகவே ஒன்றும் வேண்டாம். சொல்லிவிட்டேன். போய் ஒப்புக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி


ஏப்ரல் 18

என் வாலுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருமுனை திரும்பும்போதே கைவிரித்துக் காட்டிவிடுகிறார்.

முதலில் கோபம். பிறகு, போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று நேற்றுத் துணி மடிக்கும்போது நினைத்துப் பார்த்தேன். காலை நேரம் என்றேன். வாரம் இரண்டு நாள் என்று இறக்கினேன். தூங்கும் நேரம் என்றேன். ஒன்றும் வேண்டாம் என்றேன். நீ வாயே திறக்கவில்லை! உன்னைப் பார்த்துச் சிரித்தேனே, நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

சரி, கேட்கிறேன். இந்தத் தடவை இறக்க மாட்டேன்.

எனக்கு வேலை வேண்டும். பொழுதுபோக்குக்கு இல்லை, சம்பளத்துக்கு. காலையில் உன் அண்ணன் கிளம்பியதிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்துக்கு மாமாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தை நீயும் உன் அண்ணனும் தர வேண்டும். கிழக்கு ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு மேசை வேண்டும். அதன்மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது.

இதை ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் மாமா பாரம் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயம். அவர் பாரம் இல்லை, வாலு. பாதித் தலையை வாரிவிட்டு மீதிக்கு என்னிடம் சீப்பை நீட்டும்போது எனக்கு அவ்வளவு பிரியமாக இருக்கிறது. ஆனால் அந்த அச்சில் பல்லை வைத்துவிட்டுப் பிடுங்கும்போது, அதைப் போட்டுக்கொள்ள ஒரு வாய் இல்லையே என்று அழுகை வருகிறது. இரண்டும் உண்மை.

இப்போது என் வாயிலும் மாவு.

லொடலொட


ஏப்ரல் 27

என் செல்ல அண்ணியே,

வாயைத் திறந்துவிட்டேன்! முதலில், நலமா? இரண்டாவது, உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேப் கழிவறையில் போய் அழுதேன், முதலாளி கதவைத் தட்டி "பொண்ணு, உடம்பு சரியில்லையா?" என்றார். மூன்றாவது, நீ கேட்டதெல்லாம் சரி. ஆளுக்கான சம்பளத்தில் பாதி என்னுடையது. மீதிக்கு அண்ணனிடம் பேசிவிட்டேன், "இதக் கேக்கவா அவ இவ்ளோ நாள் யோசிச்சா?" என்றான். மரமண்டைதான்.

இப்போது மருத்துவமனை. நேற்றுப் போனேன். முதல் நாள் சொன்ன அதே ஒன்றரை மடங்கைச் சொன்னேன். மானேஜர், "அன்னிக்கு நீங்களே கொறச்சுச் சொன்னீங்களே?" என்றார். "அது பயத்துல சொன்னது சார். இது யோசிச்சு சொல்றது" என்றேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன். பல் அடுக்கும் வேலையில் ஒரு பகுதியை பஸ் பார்சலில் நான் சொல்லும் ஆளுக்கு அனுப்ப வேண்டும், செட்டுக்கு இவ்வளவு என்று கூலி தர வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடினேன்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன், நீ பதில் எழுதும்வரை நான் உன்னோடு பேசாமல் இருந்ததைவிடவா இது கஷ்டம்? கடைசியில் டாக்டரம்மாதான் பேசினார். "யாரு, கோணப்பல் அண்ணியா?"

சம்பளத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு ஈடாகச் சனிக்கிழமை அரை நாள் வாங்கிக்கொண்டேன், மதியப் பேருந்து பிடித்தால் இருட்டும் முன் அங்கே வந்துவிடலாம். அப்பாவின் மீதிப் பாதித் தலையை அன்றைக்கு நான் வாருகிறேன்.

உன் கூலி எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. அதை உன்னிடமே கேட்கச் சொல்லிவிட்டேன். மானேஜர் போன் செய்வார். ஜாக்கிரதை.

வாலு


மே 9

அன்புள்ள பொறுப்பாளர் அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். புது நாற்காலி இடுப்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

மானேஜர் செவ்வாய்க்கிழமை போன் செய்தார். எடுத்தது யார்? உன் அண்ணன். எடுத்ததும் என்ன செய்தார்? ஸ்பீக்கர். மாமா பக்கத்து நாற்காலியில். "ஒரு செட்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கறீங்கம்மா?" வீடே கேட்கிறது. நான் சொன்னேன். நாம் அந்த லேப்பில் வாங்கிய சம்பளத்தைச் செட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு. சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உன் அண்ணன் என்னைப் பார்க்கிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். மாமாவுக்கு மட்டும் தாங்கவில்லை. தெளிவாக, கணீரென்று சொன்னார்:

"போதும்!"

"யாரும்மா அது? போதும்னா எதுக்குப் போதும்?" என்றார் மானேஜர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க மாமா சார். அவருக்கு எல்லாமே போதும். எனக்குப் போதாது" என்றேன். மறுபடி வாயை மூடினேன். இந்த முறை மாமாவின் வாயையும் சேர்த்து, என் கையால். என் உள்ளங்கைக்குள் அவர் சிரிப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் மானேஜரும் சிரித்துவிட்டார். "சரிம்மா, அனுப்பி வைக்கறோம்" என்றார்.

நேற்று முதல் பெட்டி வந்தது. யாரோ ஒரு பெரியவரின் மேல் வரிசை. கூடவே அவருடைய பழைய போட்டோவும் வைத்திருக்கிறாய். சிரிக்கும்போது இடது பக்கம் கொஞ்சம் இடைவெளி தெரிகிறது, பார்த்தாயா? அதை அப்படியே வைக்கப் போகிறேன். மேசை கிழக்கு ஜன்னலோரம். மாமாவுக்கு வந்திருக்கும் ஆள் நல்லவர், நிறையப் பேசுகிறார், எனக்கே போட்டி.

ராத்திரி சாப்பாட்டுக்கு உன் அண்ணன் பரிமாறினார். மாமா தட்டுக்குக் கரண்டி போகும் முன்பே கை குறுக்கே வந்தது. அடுத்து என் தட்டு. என் கையும் தானாகக் குறுக்கே போய்விட்டது, வாலு, எப்போது பழகியதோ தெரியவில்லை. உன் அண்ணன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார், ஒன்றும் சொல்லாமல்.

நான் கையை எடுத்தேன். "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

சனிக்கிழமை வா.

லொடலொட